முதுகுக்குப் பின்னால் முளைத்தவர்கள்: ஸ்டாக்கர் 2 ஆட்டக்காரர்களின் ஏமாற்றம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர் கடைசியில் ஸ்டாக்கர் 2 என்ற வீடியோ கேமை விளையாடியவர்கள் யாரிடம் பேசினாலும் ஏறக்குறைய ஒரே கதை வந்தது. இடிந்துபோன ஒரு பண்ணை வீடு. உள்ளே மூன்று கொள்ளைக்காரர்கள். புதரோரமாகப் பதுங்கி, பொறுமையாகக் காத்திருந்து, மூன்று பேரையும் வீழ்த்தியாயிற்று. அப்பாடா என்று பையைத் திறந்து மிச்சமிருக்கும் தோட்டாக்களை எண்ணும்போது முதுகில் குண்டு பாய்கிறது. திரும்பினால் நான்கு பேர் நிற்கிறார்கள். சற்றுமுன் நாம் கடந்துவந்த அதே வெட்டவெளி. ஒளிய ஒரு மரம்கூட அங்கே கிடையாது. நடந்து வந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர்கள் நடந்து வரவில்லை, முளைத்திருக்கிறார்கள்.

எனக்கு இது முதல் இரவே நடந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். செத்துப்போனதில் எனக்கு வருத்தம் இல்லை, இந்த வரிசை கேம்களில் சாவது சகஜம். அந்த வெட்டவெளியை நான் உண்மையான இடம் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை போனதுதான் உறுத்தியது.

பலர் இதைப் பிழைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள். அந்தப் பட்டியலிலேயே கனமான வரி இதுதான் என்று நினைக்கிறேன். ஸ்டாக்கர் என்ற பெயர் 17 ஆண்டுகளாக எதைத் தந்து வந்ததோ அது இந்தப் பதிப்பில் எங்கே அறுந்தது என்பதை ஆட்டக்காரர்கள் முதல் இரண்டு நாளில் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களில் பலருக்கு அதன் தொழில்நுட்பப் பெயர்கூடத் தெரியாது. அவர்கள் எதை உணர்ந்தார்கள், அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஸோன் என்ற இடம்

இந்த வரிசையை உருவாக்கிய ஜிஎஸ்சி கேம் வேர்ல்ட் உக்ரைன் தலைநகர் கீவில் 1995-ல் தொடங்கிய நிறுவனம். 1986 ஏப்ரல் 26 அதிகாலை செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்ததும், மறுநாள் பக்கத்து ஊரான பிரிப்யாத்தை மொத்தமாகக் காலி செய்ததும், சுற்றிலும் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆட்களை வெளியேற்றியதும் வரலாறு. அதன்மேல் ஒரு கற்பனையை ஏற்றினார்கள். 2006-ல் அங்கே இன்னொரு பேரழிவு நடக்கிறது, அதன்பின் ஸோன் எனப்படும் அந்த வளையத்துக்குள் இயற்கை விதிகளே பிசகிவிடுகின்றன என்பது கதை. கண்ணுக்குத் தெரியாத பொறிகள் அங்கே காற்றில் மிதக்கின்றன. அவற்றின் பெயர் அனாமலி. அவற்றின் அருகில் விசித்திரமான பொருட்கள் விளைகின்றன, அவை ஆர்ட்டிஃபாக்ட். அவற்றைத் தேடித் திருட்டுத்தனமாக உள்ளே நுழைபவர்கள்தான் ஸ்டாக்கர்கள். ஸோன், ஸ்டாக்கர் என்ற சொற்கள் 1972-ல் ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்கள் எழுதிய ரஷ்ய நாவலின் வழி வந்தவை. இந்த இடத்தின் மண்ணும் இடிபாடுகளும் மட்டும் ஜிஎஸ்சி தங்கள் நாட்டிலிருந்து எடுத்தவை.

பேரழிவுக்குப் பிந்தைய உலகம் என்ற வகையில் இதைச் சேர்க்கிறார்கள். சரிதான். ஆனால் இங்கே அழிந்தது உலகம் முழுவதும் அல்ல. முள்வேலிக்கு வெளியே பஸ் ஓடுகிறது, கடை திறந்திருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் தாங்களாகவே வந்தவர்கள். ஆளாளுக்குக் கடன், பேராசை, ஆராய்ச்சி, மதவெறி, ஓடி ஒளிய வேண்டிய கட்டாயம் என ஒரு காரணம் இருக்கிறது. அதனால்தான் இந்த வரிசையில் மற்றவர்கள் இவ்வளவு முக்கியம் ஆகிறார்கள். நாம் அங்கே உலகைக் காக்கப் போன நாயகன் கிடையாது. வயிற்றுப்பாட்டுக்காக வந்த நூறு பேரில் நாமும் ஒருவர்.

முதல் கேமான ஷேடோ ஆஃப் செர்னோபில் 2001-ல் அறிவிக்கப்பட்டு 2007 மார்ச்சில் வெளியானது. இடையில் போன ஆறு ஆண்டுகளில் திட்டம் பலமுறை வெட்டி ஒட்டப்பட்டது. ஓட்டிப் போக இருந்த வண்டிகள் நீக்கப்பட்டன, வரைபடங்கள் குறைந்தன. வெளியானபோதும் பிழைகள் நிறைய. இத்தனைக்குப் பிறகும் அது நிலைத்து நின்றதற்குக் காரணம் உள்ளே ஓடிய ஏ-லைஃப் என்ற ஏற்பாடு.

நாம் இல்லாதபோது நடப்பது

ஏ-லைஃப் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான ஷூட்டர் (துப்பாக்கிச் சண்டை) கேம்களில் எதிரி என்பவர் நமக்காகவே வைக்கப்பட்டவர். நாம் ஓர் எல்லையைத் தாண்டினால் தோன்றுவார், நாம் போனபின் அவர் இருந்த சுவடே இருக்காது. முதல் ஸ்டாக்கர் வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு நாய்க்கூட்டத்துக்கும் இரண்டு நிலைகள் இருந்தன. நம்மிடமிருந்து தொலைவில் இருக்கும்போது அவர்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மாதிரி. இன்னார் இன்ன இடத்திலிருந்து கிளம்பினார், இன்ன இடத்தை நோக்கிப் போகிறார், வழியில் இன்ன கூட்டத்தைச் சந்தித்தார், சண்டை நடந்தது, இவர் பிழைத்தார் என்று. எல்லாம் எளிய கூட்டல் கழித்தல். உடலும் கிடையாது, உருவமும் கிடையாது. நாம் சுமார் 150 மீட்டருக்குள் நெருங்கும்போது அந்த வரிக்கு உடம்பு வருகிறது, துப்பாக்கி வருகிறது, நடை வருகிறது. நாம் விலகினால் திரும்பவும் வரியாகிவிடுவார்கள். அவர்களுடைய பயணம் மட்டும் நிற்காது.

குறைந்தபட்சம் 512 எம்பி நினைவகம் போதும் என்று சொன்ன ஒரு கேமில் இதைச் செய்திருந்தார்கள். இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

அதன் பலன் திரையில் சின்னச் சின்னதாகத் தெரிந்தது. முதல் வரைபடமான கார்டானில் (Cordon), அனுபவமில்லாத ஸ்டாக்கர்கள் தங்கியிருக்கும் ஒரு சிற்றூர் உண்டு. நான் அங்கிருந்து கிளம்பிக் குப்பைமேட்டைத் தாண்டி அக்ரோப்ரோம் ஆய்வு நிலையம் வரை போய்விட்டு நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தேன். தீ எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த பையன்களில் பாதிப் பேர் தரையில் கிடந்தார்கள். யாரோ வந்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த அறிவிப்பும் வரவில்லை, எந்தப் பணியும் தோற்கவில்லை. நான் அங்கே இல்லை, அவ்வளவுதான். தரைக்கடியில் கடை வைத்திருக்கும் சிடரோவிச் மட்டும் வழக்கம்போலக் கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் இந்த கேம் எனக்குப் பிடிபட்டது. நான் பார்க்காத நேரத்திலும் அங்கே ஏதோ நடக்கிறது. அது தெரிந்தபின் ராத்திரியில் தூரத்தில் கேட்கும் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பொருளே மாறிவிடுகிறது. அது பின்னணி இசையா, உண்மையிலேயே யாரோ சாகிறார்களா? போய்ப் பார்க்கலாமா, வேண்டாமா? இந்த வரிசையை நேசிப்பவர்கள் நேசிப்பது இந்தக் கேள்வியைத்தான்.

17 ஆண்டுகள்

தொடர்ச்சிக்காக ரசிகர்கள் காத்திருந்த கதை தனி நூலுக்கு வரும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் கிளியர் ஸ்கை வந்தது, 2009-ல் கால் ஆஃப் பிரிப்யாத் வந்தது. 2011 டிசம்பரில் நிறுவனமே கலைந்தது, அப்போது உருவாகிக்கொண்டிருந்த ஸ்டாக்கர் 2-ம் கூடவே போனது. சில ஆண்டுகளில் நிறுவனம் திரும்ப எழுந்து, 2018-ல் ஸ்டாக்கர் 2 மறுபடியும் அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 28 வெளியீட்டு நாள் என்று சொன்னார்கள், பிறகு அதே ஆண்டு டிசம்பருக்குத் தள்ளினார்கள்.

2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. செர்னோபில் வளாகமே சில வாரங்கள் அவர்கள் கையில் இருந்தது. கேம் செய்தவர்களில் ஒரு பகுதியினர் குடும்பத்தோடு செக் நாட்டின் பிராகுக்கு இடம்பெயர்ந்தார்கள். இன்னொரு பகுதியினர் கீவிலேயே இருந்து மின்வெட்டுக்கும் வான் தாக்குதல் எச்சரிக்கைக்கும் நடுவே வேலை பார்த்தார்கள். சிலர் படையில் சேர்ந்தார்கள். கிளியர் ஸ்கையில் பணியாற்றிய ஒருவர் 2022 டிசம்பரில் பாக்முத் அருகே போரில் உயிரிழந்தார். கேமின் பெயரில் இருந்த செர்னோபில் என்ற ரஷ்ய உச்சரிப்பு உக்ரைனிய முறைப்படி சோர்னோபில் ஆனது. ரஷ்யக் குரல்பதிவு கைவிடப்பட்டது.

இவ்வளவும் கடந்து 2024 நவம்பர் 20 அன்று ஸ்டாக்கர் 2: ஹார்ட் ஆஃப் சோர்னோபில் வெளிவந்தது. இரண்டே நாளில் 10 லட்சம் பிரதிகள் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விளையாடினார்கள். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவிலும் அதே நாளில் கிடைத்ததால் அங்கிருந்து வந்தவர்கள் தனி.

இந்தப் பின்னணியை ஆட்டக்காரர்கள் மறக்கவில்லை. முதல் வாரக் கருத்துகளைப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். குறைகளைப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, கடைசியில் கட்டைவிரலை மேலே காட்டியிருப்பார்கள். ஸ்டீம் மதிப்பீடும் மொத்தத்தில் சாதகமாகவே நின்றது. அனுதாபத்தால் போட்ட மதிப்பெண் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேமுக்குள் நேசிக்க நிறைய இருந்தது.

எது பிடித்தது

நடப்பதே பிடித்தது. இதை ஒரு ஷூட்டர் கேமைப் பற்றி எத்தனை முறை சொல்ல முடியும்? சுமார் 64 சதுர கிலோமீட்டர் பரப்பு, நடுவில் லோடிங் திரை கிடையாது. ஈரப் புல், கரடுமுரடான சாலை, துருப்பிடித்த பேருந்து நிறுத்தம், அதன்மேல் உரிந்துகிடக்கும் சோவியத் காலத்து மொசைக் ஓவியம். மழை வருவதற்கு முன் காற்று மரங்களை வளைக்கும் விதம். பழைய பிரிப்யாத்தைப் பழைய கேமில் பார்த்தவர்கள் அதே கட்டடங்களை அன்ரியல் எஞ்ஜின் 5-ல் பார்த்து நின்றுவிட்டார்கள்.

அப்புறம் அந்தச் சிவப்பு வானம். எமிஷன் என்று கேமில் சொல்வார்கள். முதலில் எச்சரிக்கை வரும், பறவைகள் கலையும், அடிவானம் சிவக்கும், கூரையுள்ள இடத்தைத் தேடி ஓட வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் கை நடுங்கும் காட்சி அது. கதைத் தொடக்கத்திலேயே அழகான பாப்பிப் பூக்களின் சிவப்பு வயல் ஒன்று வருகிறது. உள்ளே போனால் கண் சொருகும், தூங்கிவிட்டால் எழ முடியாது. துப்பாக்கியே இல்லாமல் இவ்வளவு பயமுறுத்தும் இடத்தை வேறு ஷூட்டரில் நான் பார்த்ததில்லை.

அனாமலிகளைக் கண்டுபிடிக்கப் பையிலிருந்து இரும்பு போல்ட்டை எடுத்து முன்னால் எறிந்து எறிந்து போகும் பழக்கம் இதிலும் உண்டு. புதிதாக வந்தவர்கள் முதலில் இதை வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். சில மணி நேரத்துக்குப் பிறகு அவர்களும் போல்ட் எறியாமல் ஓர் அடி வைக்கவில்லை.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலக் குரல்பதிவைக் கேட்டவர்களுக்குப் பல இடங்களில் ஒட்டவில்லை. உக்ரைனிய மொழிக்கு மாற்றி, வசனத்தைக் கீழே படித்துக்கொண்டு விளையாடு என்பதுதான் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொன்ன முதல் யோசனை. நானும் அப்படியே மாற்றினேன். ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும் அந்த மனிதர்கள் அந்த மண்ணில் நின்று பேசுவதுபோல் இருந்தது.

மற்ற குறைகள்

இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். கேமைத் திறக்கும்போதெல்லாம் ஷேடர் (ஒளியையும் நிழலையும் வரையும் நிரல்) தயாராகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் பெரிய ஊரான ஸாலிஸ்யாவுக்குள் நுழைந்ததும் பல கணினிகள் மூச்சு வாங்கின. சில பணிகள் பாதியில் சிக்கி நின்றன. உருமாறிய உயிரினங்களான மியூட்டன்ட்கள் எத்தனை தோட்டா வாங்கினாலும் சாகவில்லை. தொடக்கத்திலேயே எதிர்ப்படும் ரத்தக்காட்டேரிக்கு மொத்தத் தோட்டாவையும் செலவழித்துவிட்டு, அதன் சடலத்திலிருந்து எடுக்க ஒன்றும் இல்லாமல் நின்றவர்கள் ஏராளம். துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் கூலி, அந்தத் துப்பாக்கியால் சம்பாதித்ததைத் தின்றது. எதிரிகள் இருட்டிலும் புதருக்குப் பின்னாலும் நம்மைக் கண்டுபிடித்தார்கள், கையெறி குண்டைக் குறி தவறாமல் எறிந்தார்கள். இவையெல்லாம் எரிச்சலூட்டின, உண்மை. ஆனால் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றி யாராவது துக்கத்தோடு பேசிக் கேட்டதுண்டா? எனக்கு நினைவில்லை. துக்கம் தெரிந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான்.

திரும்பிப் பார்க்கும் சோதனை

வெளியான ஓரிரு நாளிலேயே ஆட்டக்காரர்கள் தாங்களாகவே சோதனை செய்யத் தொடங்கினார்கள். சாலையில் ஒரு ஸ்டாக்கர் கூட்டம் போகிறது. அவர்களைக் கடந்து கொஞ்ச தூரம் நட. திரும்பி வந்து பார். இல்லை. எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை, அழிக்கப்பட்டுவிட்டார்கள். தொலைநோக்குக் கண்ணாடி பொருத்திய துப்பாக்கியோடு உயரமான இடத்தில் ஏறி நின்று கீழே பார். அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் ஓர் ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. இறங்கி நட, சில பத்து மீட்டரில் திடீரென்று ஆட்கள்.

குறிபார்த்துச் சுடும் துப்பாக்கியை ஆசையாக வாங்கியவர்கள் ரொம்பவே நொந்துபோனார்கள். தொலைவில் சுடுவதற்குத் தொலைவில் யாராவது இருக்க வேண்டும் அல்லவா?

இந்தச் சோதனையைச் செய்தவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் பழைய கேம்களில் ஊறியவர்கள். ஏ-லைஃப் என்ற பெயரும் அதன் வேலையும் அவர்களுக்கு மனப்பாடம். இரண்டாம் வகையினர் கேம் பாஸ் மூலம் முதன்முறையாக வந்தவர்கள். இவர்கள் சொன்னதுதான் எனக்குப் பெரிய ஆதாரமாகப் படுகிறது. எதிரி திடீரென முளைப்பது மற்ற ஷூட்டர்களில் இவர்களுக்குப் பழகிப்போன ஒன்று, அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. இங்கே மட்டும் ஏன் உறுத்தியது? இந்த உலகம் மற்ற எல்லா வகையிலும் தன்னை நிஜமாகக் காட்டிக்கொண்டது. பசிக்கிறது, பாரம் அழுத்துகிறது, மழை நனைக்கிறது, தோட்டா தீர்கிறது. ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்கச் சொல்லிப் பழக்கிவிட்டு, எதிரியை மட்டும் கணக்கில்லாமல் வானத்திலிருந்து இறக்கினால் யாருக்கும் உறுத்தும். தோட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்துவிட்டு நின்றவனுக்கு அது ஏமாற்று வேலையாகத்தான் தோன்றும். ஏ-லைஃப் என்ற பெயரைக் கேள்விப்படாமலேயே அது இல்லாததை அவர்கள் உணர்ந்தார்கள்.

இதற்கு நடுவே ஒரு காரியம் நடந்தது. ஸ்டீமில் கேமின் விற்பனைப் பக்கத்தில், ஏ-லைஃபின் புதிய வடிவமான ஏ-லைஃப் 2.0 பற்றி இருந்த வாசகம் வெளியீட்டையொட்டிக் காணாமல் போனது. யாரோ கவனித்துவிட்டார்கள். அது பரவியதும் அதுவரை பொறுமையாக இருந்தவர்களே கொதித்தார்கள். ஏ-லைஃப் இருக்கிறது, பிழையால் சரியாக வேலை செய்யவில்லை என்று நிறுவனத்தின் தரப்பிலிருந்து பதில் வந்தது. பின்னர் நிறுவனத் தலைவர் இயெவ்ஹென் கிரிகோரோவிச் பேட்டியில் விளக்கினார். ஏ-லைஃப் தெரியும்படி இயங்க ஆட்டக்காரரைச் சுற்றிப் பெரிய வட்டம் வேண்டும், அதற்கு நினைவகமும் கணிப்புத் திறனும் நிறைய வேண்டும், வேகத்தைக் கூட்டும் வேலையில் அந்த வட்டத்தைச் சுருக்க வேண்டியதாயிற்று என்பது அதன் சாரம்.

தொழில்நுட்ப ரீதியாக இது நம்பத்தக்க விளக்கம்தான். 2007-ல் ஒவ்வொரு வரைபடமும் தனித்தனி அறை மாதிரி, நடுவே லோடிங் திரை. மரமும் புல்லும் குறைவு. இப்போது கேமே 160 ஜிபி இடம் கேட்கிறது, குறைந்தபட்சம் 16 ஜிபி நினைவகம் வேண்டும். அதே கேம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் போன்ற 10 ஜிபி கருவியிலும் ஓட வேண்டும். ஒவ்வோர் இலையையும் ஒவ்வொரு நிழலையும் கணக்கிடும் எஞ்ஜினில் தொலைவில் நடக்கும் பத்துப் பேருக்கு உடம்பு கொடுப்பது செலவுதான். சுருக்கமாகச் சொன்னால், அழகுக்கும் உயிருக்கும் நடுவே நினைவகத்தைப் பங்கு போட்டார்கள், அழகுக்குப் பெரிய பங்கு போனது.

ஆனால் இதை வெளியீட்டுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போர் நடக்கும் நாட்டிலிருந்து இவ்வளவு செய்திருக்கிறோம், இந்த ஒன்று இன்னும் முடியவில்லை, ஆறு மாதம் பொறுங்கள் என்று ஒரு வரி வந்திருந்தால் போதும். இந்த ரசிகர்கள் 2009-க்குப் பிறகு 15 ஆண்டுகள் காத்தவர்கள், ஆறு மாதம் அவர்களுக்குப் பெரிதில்லை. வாசகத்தைச் சத்தமில்லாமல் எடுத்தது அவர்களைப் புண்படுத்தியது. அது உள்நோக்கம் இல்லாமல் நடந்த தவறாகவே இருக்கலாம். ஆனாலும் அதைத் தாங்களாகக் கண்டுபிடிக்க நேர்ந்தவர்களுக்கு அது தவறாகத் தெரியவில்லை, மறைப்பாகத் தெரிந்தது.

நினைவில் இருக்கும் கேம்

இங்கே பழைய ரசிகர்களைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நானும் அவர்களில் ஒருவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

ஸ்டாக்கர் 2-ஐ நாங்கள் ஒப்பிட்டது 2007-ல் வெளியான கேமோடு அல்ல. அந்தக் கேமின் ஏ-லைஃபும் திட்டமிட்டதைவிடச் சுருக்கப்பட்டதுதான். மற்ற ஸ்டாக்கர்களும் நம்மைப் போலவே ஸோனின் நடுவை நோக்கிப் போட்டி போட வேண்டும் என்ற பழைய எண்ணமெல்லாம் வெளியான கேமில் பெரிதாகத் தெரியவில்லை. எதிரிகள் குறிப்பிட்ட சில இடங்களில் திரும்பத் திரும்ப வந்து நிறைவது அதிலும் உண்டு. குப்பைமேட்டில் கொள்ளைக்காரர்கள் தீராமல் வந்துகொண்டே இருந்ததை யார் மறக்க முடியும்?

எங்கள் நினைவில் இருக்கும் ஏ-லைஃபை முழுமையாக்கியவர்கள் மாட் செய்தவர்கள், அதாவது கேமின் கோப்புகளைத் தாங்களே மாற்றியமைத்த ரசிகர்கள். மூன்று கேம்களின் நிலங்களையும் ஒன்றாக இணைத்து, நூற்றுக்கணக்கான ஆட்களை அதற்குள் அலையவிட்ட, அனாமலி என்றே பெயரிட்ட மாட் போன்ற இலவச மாட்களில்தான் பலர் கடந்த பல ஆண்டுகளாக வாழ்ந்தார்கள். அங்கே கதையே தேவைப்படவில்லை, காலையில் எந்தப் பக்கம் போவது என்பதே கதை. அந்த அனுபவத்தை 2007-ன் பெயரில் நினைவு வைத்துக்கொண்டோம். புதிய கேம் போட்டியிட வேண்டியிருந்தது ரசிகர்கள் இத்தனை ஆண்டுகள் உழைத்து வளர்த்த ஒரு கனவோடு. இது நியாயமான போட்டி இல்லை.

அப்படியானால் புகார் தவறா என்றால், இல்லை. 2007-ன் ஏ-லைஃப் அரைகுறையாக இருந்தும் வெட்டவெளியில் கண்முன்னே ஆளை முளைக்கவிடுவது அங்கே அபூர்வம். அந்த 150 மீட்டர் தூரமும் நடுவே இருந்த மேடுகளும் கட்டடங்களும் அதை மறைத்தன. தொலைவில் நடப்பதாக நாம் நம்பியவற்றில் பாதி நம் கற்பனைதான். அந்தக் கற்பனைக்கு இடம் விடும் அளவுக்கு அந்தக் கேம் நாகரிகமாக நடந்துகொண்டது. ஸ்டாக்கர் 2 வெளியானபோது வட்டம் அவ்வளவு சிறிதாகிவிட்டதால் கற்பனைக்கு நிற்க இடமே இல்லை.

முதல் வாரங்களிலேயே மாட் செய்பவர்கள் கோப்புகளைத் திறந்து, ஆட்கள் தோன்றும் தூரத்தைக் கூட்டினார்கள். சில கணினிகள் திணறின, சில இடங்களில் வேறு சிக்கல்கள் வந்தன. ஆனாலும் பலர் அதைப் போட்டுக்கொண்டுதான் விளையாடினார்கள். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, யாராவது தூரத்தில் நடக்கட்டும் என்றார்கள். கேமின் வேகத்துக்காக எதை வெட்டினார்களோ அதற்காக வேகத்தையே விட்டுக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள் என்பது இந்த நிகழ்வில் எனக்கு மறக்க முடியாத செய்தி.

பேட்சுகளுக்குப் பின்

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. 2024 டிசம்பரில் வந்த 1.1 பேட்ச் (திருத்தப் பதிப்பு) 1,800-க்கும் மேற்பட்ட திருத்தங்களோடு வந்தது. 2025 பிப்ரவரியில் 1.2 பேட்ச், இன்னொரு 1,700-க்கும் மேல். இரண்டிலும் ஏ-லைஃபுக்குத் தனிப் பகுதியே இருந்தது. அதன்பின் 2025 முழுக்க அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன, அதிகாரப்பூர்வமான மாட் கருவிகளும் வந்தன. நவம்பர் 20 அன்று, சரியாக ஓராண்டு கழித்து, பிளேஸ்டேஷன் 5-லும் கேம் வெளியானது. முளைக்கும் தூரம் கூடியிருக்கிறது. மியூட்டன்ட்கள் கொஞ்சம் சாகின்றன. பழுதுபார்க்கும் கூலி குறைந்திருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா? என் அனுபவத்தில் இன்னும் இல்லை. மூடுபனி இல்லாத பகலில் நீர்த்தொட்டிக் கோபுரத்தின் மேல் நின்றால் நிலம் இன்னமும் காலியாகத்தான் தெரிகிறது. ஒரு சண்டை முடிந்த கையோடு அடுத்த கூட்டம் வந்து சேர்வது இன்னமும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. முதல் வாரத்தில் விளையாடி ஏமாந்து விலகியவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல மாதங்கள் கழித்து ஒரு ராத்திரி நான் மறுபடி உள்ளே போனேன். பணி எதையும் எடுக்கவில்லை. மழை நின்றிருந்த நேரம். சாலையில் மூன்று ஸ்டாக்கர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். பழைய சோதனையைச் செய்யலாம் என்று அவர்களைக் கடந்து ஒரு மேட்டின் மறுபக்கம் போனேன். மனதுக்குள் நூறு எண்ணினேன். திரும்பி வந்தேன்.

சாலை காலியாக இருந்தது. சரி, அதே கதைதான் என்று நினைத்தபோது வலப்பக்கம், மரங்களுக்குப் பின்னால், நாய்கள் குரைத்தன. அப்புறம் மூன்று வெடிகள். போல்ட் எறிந்துகொண்டே மெல்லப் போனேன். இரண்டு நாய்கள் செத்துக் கிடந்தன. மூவரில் ஒருவர் தரையில். மற்ற இருவரும் ஏற்கெனவே தூரத்தில், தோளில் துப்பாக்கியோடு, வந்த திசையிலேயே நடந்துகொண்டிருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு, நெருங்காமல், அவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.